மடப்பள்ளிக் கழிவுத்தண்ணிப் பாத்தித் திருப்பணி நிறைவு அறிக்கை

அங்கத்தவர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

அம்மன் கிருபையில அன்னதான மடத்துக்குப் பின்னால கிடக்கிற கல்வாழைப் பாத்தி, அதாவது மடப்பள்ளிக் கழிவுத்தண்ணி சுத்தமாகிறதுக்குச் சல்லி போட்டுக் கல்வாழை நட்ட பாத்தி, அதின்ர வேலை முடிஞ்சுது. போன வைகாசிப் பொங்கலுக்கு வந்தாக்களுக்குத் தெரியும், பந்தி நடக்கேக்க பின்பக்கம் கழிவுத்தண்ணி மேல பொங்கி கூழ்முட்டை மணம், பிள்ளையள் அதுக்குள்ளால தான் நடந்து போனதுகள். கிணறும் கிட்ட. எங்களுக்கு நித்திரையே வரேல்ல.

கிண்டிப் பாத்தா, பைப்பு வந்து விழுற பக்கம் ரெண்டு முழத்துக்கு முக்கால் இஞ்சிச் சல்லிக்கிடையில கறுத்த சளி, கையில எடுக்க நூல் மாதிரி இழுபட்டுது. சோத்துக்கஞ்சியும் எண்ணெய்யும் வந்து சேர அதைத் திண்டு பெருகின பற்றீரியா விடுற பசை தான் அது, பசை கல்லிடைய மூட காத்துப் போகாது, காத்தில்லாட்டி கழிவு உக்கிறதும் மெதுவாயிடும், பிறகு இன்னும் அடைக்கும்.

சல்லி முழுக்க மாத்தக் காசு காணாது, அதால நல்ல பற்றீரியா விட்டுப் பாப்பம் எண்டு சபை முடிவெடுத்தது. பசிலஸ் எண்ட இனம், விதை மாதிரி உறங்கிற வித்திகளாக் காய்ஞ்ச தூளில கிடக்கும், ஈரம் பட முளைச்சு மாப்பொருளையும் கொழுப்பையும் உடைக்கிற நொதியங்களை விடும். முதல்ல தண்ணிய மற்றப் பாத்திக்குத் திருப்பிப்போட்டு இதை மூண்டு கிழமை காயவிட்டம், பிறகு தூளைக் கிணத்துத் தண்ணியில கரைச்சுப் பின்னேரத்தில ஊத்தினம். காய விடாம தூளை மட்டும் கொட்டியிருந்தா இந்தளவுக்குச் சரிவந்திராது எண்டது எங்கட எண்ணம். இடையில ஒருக்கா ஆரோ நிலம் கழுவின ப்ளீச்சிங் பவுடர் தண்ணி உள்ள போட்டுது, குளோரின் பட்டா பற்றீரியா செத்துடும், திரும்ப முதல்ல இருந்து ஊத்தினது.

ஒண்டு சொல்லோணும், கிடாரம் மினுக்கின சாம்பலையும் மணலையும் எந்தப் பற்றீரியாவும் தின்னாது. அந்த ரெண்டு முழச் சல்லியையும் கையால தான் அள்ளினது. நாலு பின்னேரம் வந்து அரிதட்டில அரிச்சுக் கழுவித் தந்த பிள்ளையளுக்கு அம்மன்ர அருள் கிடைக்கோணும்.

இது புதுசா ஆரோ சொன்ன கதை இல்ல, செடிய வச்சுக் கழிவுத்தண்ணி சுத்தப்படுத்திறத 1950களிலேயே ஜேர்மனியில கேத்தே சைடல் எண்ட அம்மா ஆராய்ச்சி செய்தவா.

இப்ப ஒரு வாளித் தண்ணிய ஊத்தினா நிக்காம இறங்குது, சல்லியக் கிளறினா மண்மணம் தான். எண்ணெய் மிதந்து நிக்கவெண்டு பாத்திக்கு முன்னால ஒரு தொட்டியும் கட்டியிருக்கு, தொண்டர்மார் கிழமைக்கு ஒருக்கா வழிச்சு எடுக்கோணும். வரவு செலவு மடத்துச் சுவரில ஒட்டியிருக்கு, பாருங்கோ.

கஞ்சிய இனிமேல் பைப்புக்குள்ள விடுறேல்ல. மாடு வச்சிருக்கிறாக்கள் வெள்ளிக்கிழமையில வாளியோட வாங்கோ.