மீட்டர் கேஜ் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஓடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஓய்வுக்காலப் பொழுதுபோக்குகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மாடித்தோட்டம், மீன்தொட்டி, நாணயம் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பத்தி கொடுத்துவிட்டு, நிஜ ரயிலைச் சின்னதாகச் செய்து ஓட்டுகிற மாடல் ரயிலுக்கு மட்டும் ஒரே ஒரு வரி. அது வெளிநாட்டுப் பணக்காரர்கள் விளையாட்டு, லட்சக்கணக்கில் பிடிக்கும், நம்மூர் வெயிலுக்கும் மழைக்கும் தாங்காது என்று. எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஏழு வருஷமாகச் செங்கோட்டையில் வீட்டுக் கொல்லையில் ரயில் விட்டுக்கொண்டிருக்கிறவன் இதைப் படித்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது, அதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையில் பாதி உண்மை இருக்கிறது. கடையில் வாங்கித்தான் செய்வேன் என்றால் லட்சம் போதாது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் ஒரு பழைய கிடங்குக்குள் அண்ணன் தம்பி இரண்டு பேர், இரட்டையர்கள், 2001இல் திறந்த மினியேச்சர் வொண்டர்லேண்டில் 15 கிலோமீட்டருக்கும் மேல் தண்டவாளம் கிடக்கிறது. அதைக் காணொளியில் பார்த்துவிட்டு நம் வீட்டைப் பார்த்தால் யாருக்கும் கை ஓடாது. ஆனால் கோயில் தேரைப் பார்த்துவிட்டு எந்தப் பிள்ளையும் நுங்கு வண்டி உருட்டாமல் இருந்ததில்லையே.

நான் மின்சாரத் துறையில் முப்பது வருஷம் கம்பியோடும் கம்பத்தோடும் இருந்தவன். ஓய்வு பெற்றதும் மாடி அறையில் எட்டுக்கு நாலு பிளைவுட் ஒன்றைப் போட்டு எச்.ஓ. அளவில்தான் தொடங்கினேன். அந்த அளவில் எல்லாமே நிஜத்தில் 87இல் ஒரு பங்கு, தண்டவாள அகலம், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி, 16.5 மில்லிமீட்டர். உலகம் பூராவும் அதிகம் பேர் செய்வது அதுதான். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் செய்கிற நம்ம ரயில் பெட்டி 21 மீட்டர் சொச்சம் நீளம், 87ஆல் வகுத்தால் ஏறக்குறைய இருபத்தி நாலரை சென்டிமீட்டர் வரும். அதைப் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் செய்தேன். சும்மா சொல்லக்கூடாது, நம்மூர்க் கல்யாணப் பத்திரிகை அட்டை மாதிரி கனமும் வழவழப்பும் உள்ள அட்டை கடையில் காசு கொடுத்தாலும் கிடைப்பதில்லை. ஒரு பெட்டியின் உள்பக்கம் இன்னும் "தங்கள் நல்வரவை நாடும்" என்று இருக்கும். பெட்டி பார்க்க அழகாகத்தான் வந்தது. ஆனால் வளைவில் திரும்பும்போது நடுவயிறு உள்ளே தள்ளி, இரண்டு முனையும் வெளியே பிதுங்கி, நான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த குகை வாயை இடித்துத் தள்ளிவிட்டது. எட்டுக்கு நாலு பலகையில் வட்டத்தின் ஆரம் இருபத்திரண்டு இஞ்சுக்கு மேல் போக வழியில்லை, அவ்வளவு நீளப் பெட்டி அந்த வளைவில் அப்படித்தான் போகும் என்று அப்புறம்தான் புரிந்தது.

அதைவிட உறுத்தினது இன்னொன்று. நம்ம பிராட்கேஜ், அதாவது இப்போது நம்ம ரயில்கள் ஓடுகிற அகலப் பாதை, 1676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19.3 வர வேண்டும், கிடக்கிறதோ 16.5. வெளிநாடுகள் பலவற்றில் உள்ள 1435 மில்லிமீட்டர் பாதைக்குத்தான் அது கணக்காகப் பொருந்தும். நம்ம இஞ்சினை அதில் நிறுத்தினால் பெரிய உடம்புக்குக் குச்சிக் கால் வைத்த மாதிரி இருக்கும். வேறு யாருக்கும் தெரியாது, தெரிந்தவனுக்குத் தூக்கம் வராது.

இங்கேதான் விஷயமே. தோட்டத்து ரயில் என்று ஒரு தனி வகை இருக்கிறது. ஜெர்மனியின் லேமான் கம்பெனி 1968இல் எல்.ஜி.பி. என்ற பெயரில் அதை இறக்கியது. தண்டவாள அகலம் 45 மில்லிமீட்டர், அளவு 22.5இல் ஒரு பங்கு. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 1012 மில்லிமீட்டர், ஏறக்குறைய சரியாக ஒரு மீட்டர்! அந்தக் கணக்கு ஐரோப்பாவின் மீட்டர் கேஜ் ரயில்களுக்கு, அதாவது தண்டவாளங்களுக்கு நடுவில் ஒரு மீட்டர் உள்ள பாதைகளுக்குப் பொருந்துவது, சுவிட்சர்லாந்தில் பல மலைப் பாதைகள் அப்படித்தான். ஆனால் நமக்கு என்ன வந்தது பாருங்கள். பிராட்கேஜுக்கு எச்.ஓ. பாதை பொருந்தவில்லை, நம்ம ஊரில் இருந்து போய்விட்ட மீட்டர் கேஜுக்கு மட்டும் தோட்டத்துப் பாதை அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கிறது. நீலகிரி ரயில் இன்னும் மீட்டர் கேஜில்தான் ஓடுகிறது, அதைச் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். நான் இந்தப் பெருக்கலை ஒரு பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்த அன்றே மாடிப் பலகையைக் கழற்றிவிட்டேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மீட்டர் கேஜ் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. 1904இல் திறந்த பாதை. செங்கோட்டை, பகவதிபுரம், அப்புறம் குகை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர். கழுதுருட்டியில் சாலையை ஒட்டி நிற்கிற பதிமூன்று கண் பாலம். எழும்பூரில் ஏறினால் கொல்லம் மெயில் அந்த வழியாகத்தான் கொண்டுபோய் விடும். 2010இல் மலைப்பாதையில் ரயிலை நிறுத்தினார்கள், 2018இல் பிராட்கேஜாகத் திரும்பி வந்தது. வந்தது நல்லதுதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தச் சின்ன ரயில், ஜன்னலில் கை வைத்தால் மலை இலை கையில் படுகிற அந்த ரயில், அது எங்காவது ஓட வேண்டும் என்று தோன்றியது. ஓடுகிறது, எங்கள் வீட்டு மல்லிகைப் பந்தலுக்கும் கிணற்றுக்கும் நடுவில். பந்தலைத் தாண்டிக் கிழக்கே வரக்கூடாது என்று வீட்டில் உத்தரவு.

செலவு விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுத் தண்டவாளம் பித்தளை, வாங்கிக் கட்டுப்படியாகாது. நான் அலுமினியப் பட்டைதான் போட்டேன், ஜன்னல் வேலை செய்கிற கடையில் மிச்சத் துண்டுகள் எடைக்குக் கிடைத்தன. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடுகிற ஸ்லீப்பர் கட்டைக்குத் தேக்குப் பட்டறையில் விழுகிற ரீப்பர் துண்டு, அதில் ரம்பத்தால் இரண்டு வெட்டு, பட்டையை அதில் செருகினால் முடிந்தது. அடியில் ஒரு வரிச் செங்கல், மேலே கிரஷர் தூளைச் சலித்தால் மிஞ்சுகிற குருணை. அந்தக் குருணை இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும், 22.5ஆல் பெருக்கினால் நிஜ ஜல்லி அளவுக்கே வந்துவிடும். தண்டவாளத்தில் கரண்டே விடவில்லை. வெட்டவெளியில் தண்டவாளத்தில் கரண்ட் விட்டால் தினமும் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், எங்கள் ஊர்ச் சாரலில் அது நடக்கிற காரியமா? இஞ்சினுக்குப் பின்னால் லக்கேஜ் வேனுக்குள் பேட்டரி, கையில் ஒரு ரிமோட், உள்ளே 12 வோல்ட் கியர் மோட்டார். இஞ்சின் உடம்பு பி.வி.சி. ஷீட்டும் தகரமும். இதுவரை எல்லாம் சேர்த்து ஒரு நல்ல செல்போன் விலை ஆகியிருக்கும், அதுவும் ஏழு வருஷத்தில்.

சக்கரம் மட்டும் தென்காசியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரத்துக்கும் உள்பக்கத்துக்கு உள்பக்கம் 40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று படம் போட்டுக் கொடுத்தேன், வந்தது 38. "ரெண்டு மில்லிதான அண்ணாச்சி, இதுல என்ன வந்துரப் போவுது" என்றார் பட்டறைக்காரர். என்ன வந்தது என்றால், முதல் வளைவிலேயே இரண்டு சக்கரமும் தண்டவாளத்துக்கு உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டன. நிஜ ரயிலில் அந்த இரண்டு மில்லி எவ்வளவு என்று பெருக்கிக் காட்டினேன், நாலரை சென்டிமீட்டர். மறுபடி கடைந்து கொடுத்தார், காசு வாங்கவில்லை. இப்போது மாதம் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

வெயில் தாங்காது என்று கட்டுரையில் இருந்ததே, அது என் விஷயத்தில் நடந்தது. மாசி மாதக் காலைக் குளிரில் பட்டைகளை இடைவெளியே விடாமல் முட்ட முட்டப் போட்டேன். அக்கினி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தால் கிணற்றுப் பக்கத்து நேர்ப்பாதை பாம்பு மாதிரி நெளிந்து கிடக்கிறது, இரண்டு ஸ்லீப்பர் பிடுங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டன. பத்து மீட்டர் அலுமினியம் முப்பது டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர் நீளும். கம்பி இழுத்த ஆள், வெயிலில் கம்பி தொய்வதைத் தினமும் பார்த்தவன், இதை மறந்திருக்கிறேன் பாருங்கள். இப்போது ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பழைய ஏ.டி.எம். கார்டு கனத்துக்கு இடைவெளி, இணைப்புத் தகடு வழுக்கிக்கொள்ளும். அதற்கு அப்புறம் நாலு கோடை போய்விட்டது, ஒன்றும் ஆகவில்லை.

மழையைவிட எங்களுக்குக் காற்றுதான் வில்லன். ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்றைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பெட்டியை அப்படியே புரட்டிப் போட்டது. இப்போது ஒவ்வொரு பெட்டியின் தரைக்கு அடியிலும் பழைய நட்டும் போல்ட்டும் கட்டி வைத்திருக்கிறேன். அப்புறம் குகைக்குள் ஓணான், ஸ்டேஷன் கட்டடத்துக்குள் சித்தெறும்புப் புற்று, பாதையில் வேப்பிலை. ஒரு வேப்பிலை இந்த அளவில் ஒன்றேகால் மீட்டர் பலகை விழுந்து கிடக்கிற மாதிரி. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ரயில் விடுவதற்கு முன்னால் பேத்தி கையில் ஒரு பெயிண்ட் பிரஷை எடுத்துக்கொண்டு பாதை முழுக்க நடந்து பார்த்து, "லைன் க்ளியர் தாத்தா" என்று சொன்ன பிறகுதான் வண்டி எடுப்பது என்று ஆகிவிட்டது. நிஜப் பாதையில் கேங்மேன் செய்ததும் இதே வேலைதான்.

செடிகளுக்கும் கணக்கு உண்டு. ஒரு முழத் துளசி பத்து மீட்டர் மரமாகிவிடும், அடியில் மரிக்கொழுந்து புதர். பாலத்தில்தான் ஏமாற்றிவிட்டேன், பதிமூன்று கண்ணும் வைத்தால் வீட்டில் போட்ட எல்லையைத் தாண்டும், ஐந்து கண்தான் வைத்தேன். கொத்தனாரை விடாமல் நானே கட்டினது. பக்கத்து வீட்டுக்காரர் வருகிறபோதெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு, "மிச்சம் எட்டு எங்க வே?" என்று கேட்கிறார்.

ஒரு நாள் அந்தப் பாதையில் இஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் வந்தார். சாயங்காலம், வெயில் இறங்கி, பாலத்தின் மேல் வண்டி ஏறிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் நூற்றுக்கு மூன்று ஏற்றம், இஞ்சின் கொஞ்சம் முனகும். இவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து முகத்தைத் தண்டவாளத்துக்குக் கிட்டே கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். "பின்னால பேங்கர் எங்கய்யா? பேங்கர் இல்லாம ஆரியங்காவு ஏறுமா?" என்றார். உண்மைதான், மலை ஏறும்போது பின்னால் ஒரு இஞ்சின் தள்ளும், முன்னால் உள்ளது ஊத பின்னால் உள்ளது பதில் ஊதும். எத்தனையோ தடவை அந்த வண்டியில் போயிருக்கிறேன், இரண்டு ஊதலையும் கேட்டிருக்கிறேன், செய்யும்போது எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. இரண்டாவது இஞ்சினை இப்போதுதான் முடித்தேன். ஊதல் மட்டும் அவர் வாயாலேயே ஊதுவார்.

இதெல்லாம் ஒருத்தன் பைத்தியம் என்று நினைப்பவர்கள் ஒரு நடை புனே போய்வரலாம். கோத்ரூடில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு தனிமனிதரின் ஆசையில் இருந்து வளர்ந்து 1998இல் திறந்தது. அங்கே வரிசையில் நிற்கிற பிள்ளைகள் முகத்தைப் பார்த்தாலே போதும். தமிழ்நாட்டிலும் இதைச் செய்கிறவர்கள் அங்கங்கே இருப்பார்கள், ஒருவரை ஒருவர் தெரியாமல். உங்கள் நாளிதழ் அடுத்த தடவை ஒரு வரிக்குப் பதில் அரைப்பக்கம் கொடுத்தால் அவர்கள் வெளியே வருவார்கள். கடிதத்தைச் சுருக்கினால் அந்த 45ஐயும் 22.5ஐயும் பெருக்கின கணக்கை மட்டும் வெட்டிவிடாதீர்கள். யாரோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் எச்.ஓ. பெட்டி வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருப்பார், அதற்கு முன்னால் அவர் கண்ணில் அது பட வேண்டும்.

ஒரு உதவியும் கேட்க வேண்டும். இப்போது பழைய பகவதிபுரம் ஸ்டேஷன் கட்டடத்தைச் செய்துகொண்டிருக்கிறேன். ஓடு வேலை முடிந்தது, பெஞ்சு முடிந்தது, டிக்கெட் ஜன்னலுக்குக் கம்பியும் வைத்தாயிற்று. கதவுக்கு வர்ணம் அடிக்கத்தான் ஒரு மாதமாகக் காத்திருக்கிறேன். மீட்டர் கேஜ் நாளில் அது பச்சை என்கிறேன் நான். இல்லை, நீலம் என்கிறார் இஞ்சின் ஓட்டின நண்பர், முப்பது வருஷம் அந்த வழியாகப் போனவர், அடித்துப் பேசவும் முடியவில்லை. 2010க்கு முன்னால் அங்கே நின்று எடுத்த கலர் போட்டோ யாரிடமாவது இருந்தால், பின்னணியில் அந்தக் கதவு கொஞ்சமாவது தெரிந்தால்கூடப் போதும், உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பி எனக்குச் சேர்ப்பிக்கச் சொல்லுங்கள். அதுவரை கதவு வெறும் மரமாகவே இருக்கும்.

இப்படிக்கு,
மல்லிகைப் பந்தலுக்கு மேற்கே ரயில் விடும் ஒரு வாசகர்,
செங்கோட்டை