டாக்கிங் ஸ்டேஷன்: பில்லில் என்ன எழுதி வாங்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாரத்தில் சில நாள் ஓ.எம்.ஆர். ஆபீஸ், மீதி நாள் வீடு என்று வேலை பார்ப்பவர்கள் வடசென்னையிலும் நிறைந்துவிட்டார்கள். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், லேன் (இன்டர்நெட் ஒயர்), ஹார்ட் டிஸ்க், சார்ஜர் அத்தனையும் ஒரே ஒயரில் லேப்டாப்புக்கு வந்துவிடும் என்று சொல்லி விற்கப்படும் டாக்கிங் ஸ்டேஷன் (சுருக்கமாக டாக்), பர்மா பஜாரிலிருந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலைக் கடைகள் வரை கண்ணாடி ஷெல்பில் இடம் பிடித்திருக்கிறது. வாங்கிய மறுநாளே "மானிட்டர் வரல" என்று திருப்பிக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. அப்படித் திரும்பும் டாக்குகளில் பெரும்பாலானவற்றில் பழுது எதுவும் இருப்பதில்லை. பழுது இல்லாததுதான் சிக்கல்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எழுதப்படாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்க மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஆனால் கடைக்காரர் அதே டாக்கை தன் லேப்டாப்பில் செருகி, "பாருங்க, ஓடுது" என்று படத்தைக் காட்டிவிட்டால் நம் பேச்சு அங்கேயே நின்றுபோகும். டாக் வேலை செய்கிறது, நம் லேப்டாப்பில்தான் செய்யவில்லை. வழக்குக்கு நிற்கிற மாதிரி ஒன்று வேண்டுமென்றால், அந்த டாக் என்ன தரும் என்பது வாங்கும்போதே பில்லில் இருக்க வேண்டும். அங்கே என்ன எழுதச் சொல்வது என்று தெரியத்தான் கீழே உள்ள விவரங்கள்.

முதலில் லேப்டாப்பின் போர்ட். டைப்-சி என்பது 24 பின் உள்ள ஒரு வாயின் வடிவம், அவ்வளவுதான். அதன் உள்ளே என்ன ஓடுகிறது என்பதை வடிவம் சொல்லாது. ஒரு லேப்டாப்பில் அதே வாய் டேட்டா மட்டும் கடத்தும். இன்னொன்றில் டேட்டாவும் சார்ஜும், மற்றொன்றில் இவற்றோடு படமும் போகும். போர்ட் பக்கத்தில் மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட், எல்லாம் வரும். 'டி' எழுத்துக்குள் 'பி' புகுந்த மாதிரி குறி இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட், படம் வரும். பல கம்பெனிகள் எந்தக் குறியும் போடுவதில்லை. அப்போது லேப்டாப்பின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் மாடல் எண்ணை முழுதாக எடுத்து, கம்பெனியின் சொந்தத் தளத்தில் அதன் விவரப் பட்டியலைப் பாருங்கள். டைப்-சி வரியில் 'டிஸ்ப்ளேபோர்ட்', 'பவர் டெலிவரி' (சார்ஜ் ஏறுவதற்கு) என்ற இரண்டு சொற்களும் இருக்க வேண்டும். 'யுஎஸ்பி 3.2 ஜென் 1' என்று மட்டும் இருந்தாலோ, 'டேட்டா டிரான்ஸ்ஃபர் ஒன்லி' என்று இருந்தாலோ, இரண்டாயிரம் ரூபாய் டாக் ஆனாலும் இருபதாயிரம் டாக் ஆனாலும் அந்த வழியில் நேராகப் படம் வராது. ஒரே தொடரில் விலை குறைந்த மாடலுக்கு ஒரு போர்ட், விலை கூடிய மாடலுக்கு வேறு போர்ட் என்றும் வைப்பார்கள். ஆகவே பக்கத்து வீட்டு லேப்டாப்பில் வந்தது என்பது சாட்சி ஆகாது.

அரசு 2011 முதல் ப்ளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்த பழைய லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. பெரும்பாலானவற்றில் டைப்-சி கிடையாது. அவற்றுக்கு டைப்-சி அடாப்டர் போட்டு சாதாரண டாக் செருகினால் அது யுஎஸ்பி போர்ட்டுகளைக் கூட்டித் தரும் வெறும் ஹப்பாகத்தான் இருக்கும், படம் வராது. ஒரே ஒரு மானிட்டர்தான் தேவை, லேப்டாப்பிலேயே எச்டிஎம்ஐ இருக்கிறது என்றால் டாக்கே வேண்டாம், சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் போதும். இரண்டு மானிட்டர் வேண்டும் என்பவர்களும் முதல் மானிட்டரை லேப்டாப்பின் எச்டிஎம்ஐயில் கொடுத்து, இரண்டாவதை மட்டும் டாக்கில் கொடுத்தால் பாதித் தலைவலி குறையும். இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள், வியாபாரம் அல்லவா.

அடுத்தது, அட்டையில் பெரிதாகப் போடும் '4கே', அதாவது மிகக் கூர்மையான படம். டைப்-சி வாயில் வேகமான டேட்டா ஓடுவதற்கு நான்கு பாதைகள் உண்டு. டாக் செய்பவர் அவற்றில் இரண்டைப் படத்துக்கும் இரண்டை யுஎஸ்பிக்கும் பிரித்துக் கொடுப்பார், அல்லது நான்கையும் படத்துக்கே கொடுத்துவிடுவார். இரண்டு பாதை மட்டும் கிடைக்கும்போது, பழைய டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 8.6 ஜிகாபிட்தான் படத்துக்குத் தேறும். 4கே படம் விநாடிக்கு 60 முறை வர 12 ஜிகாபிட்டுக்கு மேல் வேண்டும். அதனால் 30-இல் நின்றுவிடும். மவுஸ் அம்பு ஒரு அடி பின்தங்கி இழுபடுவது போலத் தெரிவதற்கு இதுதான் காரணம், மவுஸைக் குறை சொல்வதில் பயனில்லை. டிஸ்ப்ளேபோர்ட் 1.4 லேப்டாப்பிலும் டாக்கிலும் சேர்ந்து இருந்தால் இரண்டு பாதையிலேயே 60 வரும். இன்னொரு வகை மலிவு டாக்கில் '4கே 60' என்று உண்மையாகவே வரும். ஆனால் நான்கு பாதையும் படத்துக்குப் போய்விட்டதால் யுஎஸ்பி போர்ட்டுகள் பழைய 2.0 வேகத்துக்கு, அதாவது 480 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கும். நடைமுறையில் விநாடிக்கு 40 எம்பி கிடைத்தால் அதிகம். 50 ஜிபி கல்யாண வீடியோவை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதே டிஸ்க்கை லேப்டாப்பின் நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில் நேராகச் செருகினால் ஏழெட்டு நிமிடத்தில் முடியும். அட்டை இந்தப் பக்கத்தைச் சொல்லாது. ஆபீஸ் வேலைக்கு சாதாரண 1080 (ஃபுல் எச்டி) மானிட்டர் இரண்டு வைப்பவர்கள் இதற்கெல்லாம் கவலைப்பட வேண்டாம், இரண்டு பாதையிலேயே தாராளமாக ஓடும்.

அது விண்டோஸில். மேக்புக்கில் கதை வேறு. ஒரே டைப்-சி ஒயரில் இரண்டு மானிட்டருக்குத் தனித்தனிப் படம் பிரித்துத் தரும் எம்எஸ்டி முறையை ஆப்பிள் ஏற்பதில்லை. இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் வரும். எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர்களுக்கு வெளி மானிட்டர் ஒன்றுதான் கணக்கு. எம்3 ஏரில் மூடியை மூடினால் இரண்டு, எம்4 ஏரில் திறந்திருந்தாலும் இரண்டு, அதுவும் எம்எஸ்டி வழியாக அல்ல. இந்தக் கட்டுப்பாட்டைத் தாண்ட 'டிஸ்ப்ளேலிங்க்' சிப் உள்ள டாக் இருக்கிறது. அது படத்தைச் சுருக்கி சாதாரண யுஎஸ்பி டேட்டாவாக அனுப்புவதால், படம் தராத போர்ட்டிலும், பழைய லேப்டாப்பிலும்கூட வேலை செய்யும். அதற்கு டிரைவர் நிறுவ வேண்டும், விலையும் கூடுதல். மேக்கில் திரைப்பதிவு அனுமதி கொடுக்க வேண்டும், கொடுத்தபின் ஓடிடி படங்கள் அந்த மானிட்டரில் கறுப்பாகவே இருக்கும். எக்செல் பார்க்க நல்லது, வெப்சீரிஸ் பார்க்க ஆகாது.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். நம் பகுதியில் அதிகம் கெடுதல் நடப்பது இங்கேதான். சொந்த அடாப்டர் இல்லாமல் வரும் டாக்கில் '100 வாட்' என்று எழுதியிருப்பது அது தாங்கும் அளவு, தரும் அளவு அல்ல. சார்ஜரை நாம்தான் கொடுக்க வேண்டும், அதிலும் டாக் தன் செலவுக்கு 10 முதல் 15 வாட் எடுத்துக்கொள்ளும். லேப்டாப்போடு வந்த 65 வாட் சார்ஜரை டாக்கின் வழியாகக் கொடுத்தால் லேப்டாப்புக்குப் போவது ஐம்பது சொச்சம். 'ஸ்லோ சார்ஜர்' என்று எச்சரிக்கை வருவதும், நாள் முழுக்கச் செருகியிருந்தும் சாயங்காலம் பேட்டரி இறங்கியிருப்பதும் இதனால்தான். 60 வாட்டுக்கு மேல் போக 5 ஆம்பியர் தாங்கும் கேபிள் வேண்டும், அந்தக் கேபிளின் தலைக்குள் ஒரு சிறு சிப் இருக்கும். போன் சார்ஜர் ஒயரில் அது இருக்காது. போன் ஒயர்கள் பல 2.0 வேக டேட்டாவோடு சரி, படமும் கடத்தாது. டாக்கோடு வந்த ஒயரைத் தொலைத்துவிட்டு போன் ஒயரைப் போட்டால் 'டாக் போச்சு' என்று தோன்றும். டைப்-சி அல்லாத தனிப் பின் சார்ஜரோடு வரும் 180 வாட், 230 வாட் கேமிங் லேப்டாப்களுக்கு சார்ஜரைத் தனியாகவே செருகிவிடுங்கள், டாக்கை நம்ப வேண்டாம்.

சார்ஜர் ஒரு கணம் விட்டாலும் பல டாக்குகள் லேப்டாப்போடு கரண்ட் கணக்கை மறுபடி முதலிலிருந்து பேச ஆரம்பிக்கும். அந்த ஒன்றிரண்டு விநாடியில் மானிட்டர் கறுக்கும், லேன் அறுபடும், ஹார்ட் டிஸ்க் கழற்றிச் செருகியது போல ஆகும். காப்பி ஓடிக்கொண்டிருந்தால் ஃபைல் பாழ். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் இடைவெளியே இதற்குப் போதும். இன்வெர்ட்டரில் 'நார்மல்', 'யுபிஎஸ்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை யுபிஎஸ் பக்கம் வைத்தால் மாறும் நேரம் வெகுவாகக் குறையும். அப்படியும் அறுபட்டால் ஹார்ட் டிஸ்க்கை டாக்கிலிருந்து எடுத்து லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள். சார்ஜர் இல்லாமல் டாக்கில் இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு, 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே ஒன்றைக் கழற்றுங்கள். யுஎஸ்பி 3 போர்ட் ஒன்றுக்கு 900 மில்லி ஆம்பியர்தான் கணக்கு, டிஸ்க் சுற்றத் தொடங்கும்போது ஏறக்குறைய அவ்வளவும் கேட்கும்.

அலுமினிய உடம்புள்ள டாக்கைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுப்பது பயமுறுத்தும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், எர்த் ஒயர் இருக்காது. சார்ஜருக்குள் உள்ள சிறு கெப்பாசிட்டர் வழியே கசியும் கரண்ட் போக இடமில்லாமல் டாக்கின் உடம்பில் நிற்கிறது. டாக்கை மாற்றினால் இது தீராது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுத்து, மூன்று பின் சார்ஜர் போட வேண்டும். டிவியை மானிட்டராக வைப்பவர்கள் இன்னும் கவனம்: டிவியில் கேபிள்காரர் ஒயர் செருகியிருக்கும்போதே எச்டிஎம்ஐயைச் சொருகினால், அந்த ஒயரில் வரும் மின்னழுத்த வித்தியாசம் பொறியடித்து டாக்கையோ டிவி போர்ட்டையோ எரித்துவிடும். கேபிள் ஒயரைக் கழற்றி, டிவியின் பிளக்கையும் உருவிய பிறகு எச்டிஎம்ஐ செருகுங்கள்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று. டைப்-சி பின்னில் கரண்ட் இருக்கும்போது ஈரம் படிந்தால் பின் கறுக்கும், பச்சை பூக்கும். பிறகு ஒரு பக்கம் செருகினால் வரும், திருப்பிச் செருகினால் வராது. ராத்திரி ஒயரை லேப்டாப்பிலிருந்து மட்டும் கழற்றிப் போடாமல் சுவிட்சையும் அணைத்து வையுங்கள். சுத்தம் செய்ய ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், மெல்லிய பிரஷ், இவ்வளவே. ஊசி, சேஃப்டி பின் வேண்டாம். ஒயர் முழுதாக உள்ளே போகாமல் ஆடினால் உள்ளே பஞ்சு அடைத்திருக்கும், மரப் பல்குச்சியால் மெதுவாக வெளியே எடுக்கலாம்.

ஒயர் இல்லாத மவுஸ் டாக்கில் திக்கினால், அதன் டாங்கிளுக்கு (யுஎஸ்பியில் செருகும் சிறு ரிசீவருக்கு) பக்கத்தில் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா பாருங்கள். யுஎஸ்பி 3 ஓடும்போது எழும் இரைச்சல் மவுஸின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையிலேயே விழுகிறது. இதை இன்டெல் 2012-லேயே எழுதி வைத்திருக்கிறது. ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயரில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் தீரும். 'லேன்' என்று போட்டிருக்கும் சில டாக்குகளில் 100 மெகாபிட் சிப்தான் இருக்கும், 300 மெகாபிட் இன்டர்நெட் கனெக்‌ஷன் வைத்திருப்பவர்கள் கேட்டு வாங்குங்கள்.

கடையிலேயே லேப்டாப்பையும் உங்கள் சார்ஜரையும் கொண்டுபோய்ச் சோதியுங்கள். மானிட்டரைப் போட்டு, விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு எத்தனை முறை படம் வருகிறது, என்று பாருங்கள். பெரிய ஃபைல் ஒன்றை ஹார்ட் டிஸ்க்குக்கு ஓடவிட்டு வேகத்தைப் பாருங்கள். காப்பி முடிந்தபின் சார்ஜரைக் கழற்றி மாட்டி, எல்லாம் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. திருப்தியானால் பில்லில் மாடல் எண்ணோடு மூன்று வரி கேளுங்கள்: எத்தனை மானிட்டர், ஒவ்வொன்றுக்கும் எந்த அளவில் எத்தனை ஹெர்ட்ஸ்; அந்த நேரத்தில் யுஎஸ்பி வேகம் என்ன; லேப்டாப்புக்குப் போய்ச் சேரும் வாட் எவ்வளவு. பில்லே தர மறுப்பதும் அதே சட்டப்படி முறையற்றதுதான். புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

உங்கள் நாளிதழில் வரும் கணினிக் கடை விளம்பரங்களில் 'ஒன்றில் பதினொன்று' என்று போர்ட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் போடாமல், இந்த மூன்று விவரங்களையும் சேர்த்துத் தருமாறு விளம்பரதாரர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
கணினி பழுது பார்க்கும் வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 600 081.