ஜார்ஜ் இன் விடுதியும் அதன் பீப்பாய்களும்: முத்துவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. அக்டோபரில் நீயும் மீனாட்சியும் வருவது பெரிய சந்தோஷம். "கட்டடமும் பழசாக இருக்க வேண்டும், அசல் ரியல் ஏலும் கிடைக்க வேண்டும், ஒரே இடமாகச் சொல்" என்று கேட்டிருக்கிறாய். (ரியல் ஏல் என்பது பீப்பாய்க்குள்ளேயே நொதிக்கும் இங்கிலீஷ் பீர், விவரம் கீழே.) லண்டனில் தேம்ஸின் தென்கரையில் உள்ள ஜார்ஜ் இன் என்ற பழைய விடுதிக்குப் போங்கள். லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனிலிருந்து பரோ ஹை ஸ்ட்ரீட்டில் சில நிமிட நடை. தெருவில் நின்று தேடினால் கண்ணில் படாது, உள்ளே தள்ளி ஒரு முற்றத்தில் இருக்கிறது. வட்டாரத்தின் பெயர் எழுத்தில் சவுத்வார்க், ஊர்க்காரர் வாயில் "சதக்". கத்தி பாய்கிற சத்தம் என்று ஞாபகம் வைத்துக்கொள், வழி கேட்க உதவும்.

1676இல் சவுத்வார்க்கில் பரவிய தீயில் பழைய விடுதி போய், 1677இல் கட்டியதுதான் இப்போது நிற்பது. குதிரை வண்டிகள் வந்து நின்ற முற்றம், அதைச் சுற்றி மாடியில் மரத் தாழ்வாரங்கள். இந்த அமைப்பில் லண்டனில் மிஞ்சியது இது ஒன்றே. அதுவும் முழுசாக இல்லை. கிரேட் நார்தர்ன் ரயில்வே கம்பெனி இதைச் சரக்கு டிப்போவாக வைத்திருந்து, 1889இல் மற்றப் பக்கங்களை இடித்துவிட்டது. தெற்குப் பக்கம் மட்டும் தப்பியது. 1937இல் பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் கைக்கு வந்தது. ஷேக்ஸ்பியர் இங்கே உட்கார்ந்து குடித்தார் என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வா. குளோப் அரங்கம் பக்கத்தில்தான், அவர் காலத்தில் இங்கே விடுதி இருந்ததும் உண்மைதான். ஆனால் மனிதர் 1616இலேயே காலமாகிவிட்டார். நீ தொடப்போகும் மரம் அவர் பார்க்காதது.

தெருப் பக்கத்து அறையை பார்லிமென்ட் பார் என்பார்கள். வண்டிக்குக் காத்திருந்த பயணிகளின் அறை அது. சுவரில் பெரிய முகமுள்ள கடிகாரம் ஒன்று இருக்கிறது. 1797இல் பிரதமர் பிட் கடிகாரங்களுக்கு வரி போட, ஜனங்கள் சொந்தக் கடிகாரத்தை விட்டு விடுதிச் சுவரைப் பார்த்து மணி தெரிந்துகொண்டார்கள் என்பது கதை. வரி அடுத்த வருஷமே போய்விட்டது, கடிகாரத்துக்கு 'பார்லிமென்ட் கடிகாரம்' என்ற பேர் மட்டும் நிலைத்துவிட்டது. பூட்டுக்குப் பேர்போன ஜோசப் பிராமா பீர் பம்புக்குக் காப்புரிமை வாங்கியதும் அதே 1797தான். நிலவறைப் பீரை மேலே இழுக்கும் அந்தக் கைப்பிடிதான் உன் கேள்விக்கு நேரான விஷயம்.

கட்டடம் எத்தனை அழகாக இருந்தாலும் பீரின் ருசி நிலவறைக்காரர் கையில்தான் இருக்கிறது. ரியல் ஏல் என்பது வடிகட்டாமல், சூடாக்கிக் கிருமி நீக்காமல், உயிருள்ள ஈஸ்ட்டோடு பீப்பாய்க்குள் அடைத்து அனுப்புவது. அங்கேயே மெதுவாக நொதித்து, தன் வாயுவைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வாயு ஏற்றித் தள்ளும் கெக் பீர் வேறு ஜாதி. நம் ஊர்க் கள்ளை நினைத்துக்கொள்: காலையில் ஒரு ருசி, வெயில் ஏறினால் வேறு ருசி. இங்கே மணிக்கணக்கு நாட்கணக்காக நீள்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த வகையே அழிந்துவிடும் என்ற கவலையில் 1971இல் பிறந்த காம்ரா என்ற குடிப்போர் இயக்கம்தான் 'ரியல் ஏல்' என்ற பெயரைப் பரப்பியது.

கீழே நடப்பது இது. பெரும்பாலும் ஃபர்கின் என்ற பீப்பாய் வரும்: 9 காலன், அதாவது 72 பைன்ட், சுமார் 41 லிட்டர். அதைப் படுக்கவைத்து, உருளாதபடி ஆப்பு வைத்து, அசைக்காமல் விட வேண்டும். மேல்பக்கத்து அடைப்பில் துளை போட்டு மென்மையான மர ஆப்பு ஒன்றைச் செருகுவார்கள். அது காற்றை விடும், அதன் வழியே நுரை பொங்கி வரும். நுரையைத் துடைத்துவிட்டால் எவ்வளவு நேரத்தில் மறுபடி வருகிறது என்பதுதான் கணக்கு. வேகம் குறைந்ததும் மென்மையான ஆப்பை எடுத்துவிட்டுக் கெட்டி ஆப்பை அடித்து, மிச்ச வாயுவை உள்ளேயே பிடித்து வைக்க வேண்டும். சீக்கிரம் அடைத்தால் பீர் குழாயில் வெறும் நுரையாக வரும். மறந்து விட்டால் சப்பென்று போய்விடும். முன்பக்க அடைப்பில் குழாயை மர சுத்தியலால் தயங்காமல் ஒரே அடியில் ஏற்ற வேண்டும். குழாய் மூடியிருக்கிறதா என்று பார்க்காமல் அடித்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. பிறகு தெளிய நேரம் கொடுத்து, ருசி பார்த்துத்தான் விற்பனை.

தெளிய வைக்க இசின்கிளாஸ் சேர்ப்பார்கள். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. பாம்பன் பக்கம் கூறல் மீன் வயிற்றிலிருந்து எடுத்து நல்ல விலைக்கு விற்பார்களே நெட்டி, அந்தச் சமாச்சாரம்தான். அதன் மின்னூட்டம் நேர், ஈஸ்ட்டினுடையது எதிர். ஒன்றையொன்று பிடித்து அடியில் மண்டியாக உட்காரும். மீனாட்சி சைவம், அதனால் இதை முன்கூட்டியே சொல்கிறேன். "அன்ஃபைன்ட்" அல்லது "வீகன்" என்று பம்ப் கிளிப்பில், அதாவது கைப்பிடியில் மாட்டிய பெயர்ப் பட்டையில், போட்டிருந்தால் மீன் சேர்க்காதது. அது கலங்கலாக இருக்கலாம், அதனால் கெட்டுப்போனதென்று அர்த்தமில்லை. சந்தேகமாக இருந்தால் பாரில் கேட்டுவிடுங்கள்.

"இங்கிலீஷ்காரன் வெதுவெதுப்பான பீர் குடிக்கிறான்" என்று கேள்விப்பட்டிருப்பாய். நிலவறை 11 முதல் 13 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நம் ஊர் ஃப்ரிட்ஜுக்குப் பழகிய நாக்குக்கு அது சூடாகப் படும், உண்மையில் குளிர்தான். அதற்குக் கீழே போனால் புரதம் திரண்டு மங்கலாகும், மணமும் அடங்கிவிடும். மேலே போனால் ஈஸ்ட் மறுபடி விழித்துக் கலங்கும், சீக்கிரம் புளிக்கும்.

ஒவ்வொரு பைன்ட் இழுக்கும்போதும் அந்த இடத்துக்குப் பீப்பாய்க்குள் காற்று போகிறது. அதனால் திறந்த பீப்பாய் மூன்று நாளில் தீர வேண்டும். 72இல் அடிமண்டி கழித்து 69 என்று வை. ஒரு பம்புக்கு ஒரு நாளைக்கு 23 பைன்ட் ஓட வேண்டும். எங்கே போனாலும் இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள். பத்து பம்ப், நாலே நாலு ஆள் என்றால் அது செழிப்பில்லை, பழைய பீர். இரண்டே பம்பும் நிறைந்த கூட்டமும் எனக்கு நல்ல அடையாளம்.

ஜார்ஜை இப்போது நடத்துவது கிரீன் கிங். 1799இல் பரி செயின்ட் எட்மண்ட்ஸில் தொடங்கிய பீர் ஆலை, அதனால் பம்புகளில் அவர்கள் சரக்கே அதிகம். அபூர்வமான சிறு ஆலைகளைத் தேடுகிறவர்களுக்கு லண்டனில் வேறு இடங்கள் உண்டு. கட்டடத்துக்காகப் போகிற உனக்கு இது போதும். ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்ற பெயரைப் பார்த்தால் சிரித்துக்கொள். கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்களில் கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் போன பேல் ஏலின் வழி வந்த பெயர் அது. கிழக்கு லண்டனில் போ என்ற இடத்திலிருந்து ஹாட்ஜ்சன் அனுப்பியது முதலில் பிரபலம், பிறகு ஜிப்சம் கலந்த தண்ணீருள்ள பர்ட்டன் ஊர் அந்த வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டது.

மேஜையில் உட்கார்ந்து காத்திருக்காதே. பாருக்குப் போய்க் கேட்டு, காசு கொடுத்து, நீயே எடுத்து வர வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உனக்கு முன்னால் வந்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். "கொஞ்சம் ருசி பார்க்கலாமா" என்றால் சின்னக் கிளாஸில் தருவார்கள். ஒரு பைன்ட் 568 மில்லி; அரை பைன்டில் தொடங்கு, மூன்றிலொரு பைன்ட் அளவும் சட்டத்தில் உண்டு. கிளிப்பைத் திருப்பி வைத்திருந்தால் அந்தப் பீர் தீர்ந்துவிட்டது, அல்லது இன்னும் தயாராகவில்லை.

முதல் வாயை மோந்து பார்த்துக் குடி. காடி வாடை அடித்தால் பீப்பாய் பழசு. நனைந்த அட்டை வாடை என்றால் காற்றுப் பட்டது. வெண்ணெய் மிட்டாய் மாதிரி இருந்தால் நொதிப்பில் கோளாறு. தெளிவாக இருக்க வேண்டியது சேறாக வந்தால், பீப்பாய் தீரும் தறுவாயில் அவசரமாகச் சாய்த்து மண்டியைக் கிளப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். கிளாஸ் கிட்டத்தட்ட நிறைந்திருக்கும்போதே கொண்டுபோய் மெதுவாகச் சொன்னால், நல்ல இடத்தில் பேசாமல் மாற்றிக் கொடுப்பார்கள். முக்கால்வாசி குடித்துவிட்டுப் போனால் முறைப்பார்கள், அதில் தப்பும் இல்லை. கசப்பு பிடிக்கவில்லை என்று திருப்புவது மட்டும் கூடாது.

நேரம் முக்கியம். திறந்த உடனே போனால் இரவெல்லாம் குழாயில் தங்கிய பீர் உன் கிளாஸுக்கு வரக்கூடும். அக்கறையுள்ளவர்கள் அதை முதலில் இழுத்துக் கொட்டிவிடுவார்கள், எல்லோரும் அப்படியில்லை. வியாழன், வெள்ளி சாயங்காலம் ஆபீஸ் கூட்டம் முற்றத்தை அடைத்துக்கொள்ளும், தாழ்வாரத்தை நின்று பார்க்க முடியாது. செவ்வாய் அல்லது புதன் மதியம் மூன்று மணி சரி. சாப்பாட்டுக் கூட்டம் குழாயை ஓட்டிவிட்டுப் போயிருக்கும், அறைகளும் காலியாக இருக்கும். முதலில் முற்றத்தின் எதிர்ப்பக்கம் நின்று மாடியை முழுசாகப் பார், பிறகு உள்ளே போ. தரை சமமாக இருக்காது, உத்திரம் தாழ்வு. உன் உயரத்துக்குக் குனிந்தே நட.

எந்த வாரம் என்று முடிவானதும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
சுந்தரம்