நுண்ணுயிர் மணிக்குள் மூச்சு முட்டக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஃபீனால் போன்ற நச்சுகளைச் சிதைக்கும் பாக்டீரியாவைக் கூழ்மணிகளில் அடைத்துக் கழிவுநீரில் விடும் முறையைப் பற்றி எழுதுவோர் பலரும் மணி செய்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். சிக்கல் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

மணி செய்வது எளிது. 100 மி.லி. நீரைக் கலக்கிக்கொண்டே 2 முதல் 3 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டை (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டிதட்டும். காற்றுக்குமிழ் அடங்கியபின் ஃபீனாலைச் சிதைக்கும் சூடோமோனாஸ் புடிடா என்னும் பாக்டீரியாவின் செல்களைச் சேர்த்து, 2 சதவீதக் கால்சியம் குளோரைடு கரைசலில் ஊசிக்குழல் வழியே சொட்டவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் இறுகிவிடும்.

பிறகு பாக்டீரியாவுக்கு ஊட்டமென்று பாஸ்பேட்டை அள்ளிப் போடுகிறார்கள். அதுதான் மணிக்கு எமன். மணியைப் பிணைத்திருக்கும் கால்சியத்தைப் பாஸ்பேட் பிடுங்கிக்கொள்ள, மணி உப்பிக் கரைந்து, பாக்டீரியா நீரோடு போய்விடும். சிட்ரேட்டும் அப்படியே; உப்பு மிகுந்த கழிவுநீரில் சோடியமும் கால்சியத்தை வெளியேற்றும். பாஸ்பேட்டைக் குறைத்து, நீரில் சிறிது கால்சியம் குளோரைடு சேர்த்தால் மணி தாங்கும். உப்பு மிக அதிகமென்றால் பாலிவினைல் ஆல்கஹால் என்னும் செயற்கைக் கூழ்ப்பொருளில் செய்த மணியே மேல். ஆனால் அதை இறுக்கும் போரிக் அமிலம் செல்களைக் கொல்லும் என்பதால், அதில் நெடுநேரம் ஊறவிடக் கூடாது.

இதைவிடப் பெரிய தடை காற்று. 1 கிராம் ஃபீனால் முழுதும் கரியமில வாயுவாக மாற ஏறத்தாழ 2.4 கிராம் ஆக்சிஜன் தேவை. லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃபீனால் இருந்தால் 240 மில்லிகிராம். ஆனால் 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பதோ சுமார் 8 மில்லிகிராம்தான்! இடைவிடாமல் காற்றூட்டாவிட்டால் இந்த பாக்டீரியா வேலை செய்யாது. ஊட்டினாலும், மணியின் வெளிவிளிம்பில் உள்ள செல்களே ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் 4 மி.மீ. மணியின் நடுப்பகுதி வீண். 1 முதல் 2 மி.மீ. அளவே நல்லது, வெளியேறும் வாயில் அதற்கேற்ற நுண்வலை வேண்டும்.

இன்னொன்றையும் வலியுறுத்துகிறோம். நீரில் நச்சு குறைந்தாலே அது சிதைந்துவிட்டதாகாது. மணியில் ஒட்டியிருக்கலாம், காற்றோடு ஆவியாகியிருக்கலாம். கொன்ற பாக்டீரியாவை அடைத்த மணிகளையும் அதே காற்றோட்டத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நச்சு சிதைந்து உண்டாகும் பொருளையும் அளக்க வேண்டும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் டிரைகுளோரோஎத்திலீன் என்னும் கரைப்பான் பாதி சிதைந்து நின்றால், புற்றுநோய் உண்டாக்கும் வினைல் குளோரைடு மிஞ்சக்கூடும்.

இப்படிக்கு,
கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பணியிலுள்ள வாசகர்கள்