லேப் எடுக்கிற சேர்மார், மிஸ்மாருக்கு: கொரோனா நேரம் நான் தந்த லேப் ரிப்போர்ட்டுல இருந்த அளவு ஒண்டும் நான் அளந்ததில்ல

வணக்கம் சேர், மிஸ்.

நான் மட்டக்களப்பு படுவான்கரைப் பிள்ளை. 2020 மார்ச்ல கொரோனாவுக்கு எல்லாத்தையும் பூட்டக்குள்ள கெம்பஸ் முதலாம் வருசம், இப்ப ஊர்லயே ஏ.எல். பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறன். எந்தக் கெம்பஸ் எண்டு கேக்காதீங்க, நீங்களும் அப்ப ராவோட ராவா சூம் பழகின ஆக்கள்தானே.

கெம்பஸ் பிள்ளைகளுக்கு சூம் டேட்டா காசில்லாம கிடைச்சது பெரிய உதவி, ஆனா டேட்டா இருந்து என்ன, எங்கட பக்கம் சிக்னல் வேணுமெண்டா குளக்கட்டுக்குப் போகணும். நியமிப்பு கிளாஸ, அதான் அமிலத்துக்க காரத்த சொட்டுச் சொட்டா விட்டு, கலர் மாறுற இடத்துல எவ்வளவு போச்செண்டு அளக்கிற சோதனைய, அங்க நிண்டுதான் பாத்தன். சேர் அளவிய, அதான் கோடு போட்ட நீட்டுக் கண்ணாடிக் குழாய, திறந்து சொட்டுச் சொட்டா விடுறார், "இப்ப வடிவாப் பாருங்க" எண்டு சொல்றார், அந்த நேரம் பாத்து போன் சுத்தத் தொடங்கிட்டு, மறுகா படம் வரக்குள்ள குடுவை ரோஸ் கலர். அந்த ஒரு சொட்டுதான் பாடமே. திருப்பிப் பாக்கவும் ஏலாது, ஆனை வாற இடம், பொழுதுபடமுதல் வீட்ட வந்திரணும்.

மறுகா வாட்சப்ல அளவு வந்திச்சி. 24.80, 24.80, 24.90 மில்லி. பேட்ச் முழுக்க அதேதான், கொப்பி அடிச்ச மாதிரி இருக்கக் கூடாதெண்டு கடைசி இலக்கத்த மட்டும் ஆளுக்கொரு மாதிரி மாத்தி எழுதினம். மார்க்ஸும் நல்லா வந்திச்சி! விஞ்ஞானம் படிக்கப் போய் கள்ளக்கணக்கு எழுதப் பழகினதுதான் மிச்சம்.

ஒரு நாள் கடுப்புல பாமசில 5 மில்லி சிரிஞ்ச் ஒண்டு வாங்கி, வினாகிரிக்குள்ள செவ்வரத்தம்பூச் சாற ஊத்தி, அப்பச்சோடாத் தண்ணிய சொட்டுச் சொட்டா விட்டன். நுரைக்குது, சிவப்பு மெல்ல மெல்ல மங்கி ஊதாவாகுது, எங்க நிப்பாட்டுறதெண்டு தெரியல்ல, மூண்டு தரம் செஞ்சன் மூண்டும் வேற வேற அளவு. அம்மா பூவெல்லாம் போச்சு எண்டு ஏசினது தனிக்கதை. பிறகு நோட்ஸப் பிரட்டினாத்தான் விளங்குது, வினாகிரி மாதிரி மென்னமிலத்துக்கு அப்பச்சோடா மாதிரி மென்மூலம் போட்டா பீ.எச். சட்டெண்டு பாயாது, அதால முடிவுப்புள்ளி கூராத் தெரியாது. அத நான் அதுக்கு முதல் ரெண்டு தரம் பாடமாக்கி எழுதியிருக்கன்.

லேப் திறந்து போனா, அளவிக்கு மேல வச்ச புனல எடுக்காமலே வாசிச்சன், நுனில வளிக்குமிழி வேற, ரெண்டும் அளவப் பிழையாக்கும். வீடியோவுல இதெல்லாம் சரியாச் செஞ்சுதானே காட்டினீங்க, பிழைச்சா எப்பிடி இருக்குமெண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?

நோய்தான் வரணுமெண்டில்ல, மார்கழி வெள்ளத்துக்கு ரோட்டு மூடினாலும், 2022 மாதிரி பெற்றோல் இல்லாட்டியும் இதே கதைதான். அதால கேக்கிறன், இனி ரெடிமேட் அளவு அனுப்பாதீங்க, வீட்டயே அளக்க விடுங்க. நூலும் நட்டும் எல்லா வீட்டயும் கிடக்கு, ஒரு மீற்றர் ஊசல் 20 தரம் ஆட கிட்டத்தட்ட 40 செக்கன், போன்லயே நேரம் பிடிக்கலாம். ஜேர்மனில ஆகன் பல்கலைக்கழகத்தாக்கள் செஞ்ச, போன் சென்சரால அளக்கிற பைபொக்ஸ் (phyphox) ஆப்ப ஒருக்கா இறக்கினாப் போதும், மறுகா நெட் தேவையில்ல. ஊசல வச்சுக் கணக்குப் பாத்தா ஒருத்தனுக்கு ஜீ, அதான் புவியீர்ப்பு ஆர்முடுகல், 9.4 வரும், இன்னொருத்திக்கு 10.1 வரும், ஏன் எண்டு அத வச்சு கிளாஸ் எடுங்க, மார்க்ஸையும் அந்தக் காரணத்துக்குப் போடுங்க. சிமியுலேசனும் நல்லம்தான், ஆனா அதுல நூல் நழுவாது, காத்தடிக்காது. அமிலம் காரம் ஒண்டும் வீட்டுக்கு அனுப்ப வேணாம், அத லேப் திறந்த உடன பிள்ளைகளையே செய்ய விடுங்க.

இன்னொண்டு. உங்கட ஸ்டோர்ல நுனி உடைஞ்ச அளவி கிடந்தா எறியாதீங்க, அடிய அடைச்சு கலர்த்தண்ணி ஊத்தி என்ட பிள்ளைகளுக்கு வாசிக்கப் பழக்கலாம். நானே பஸ்ல வந்து எடுக்கிறன்.