எல்லை தாண்டிய சைபர் குற்றப் புகார்களுக்கு எழுத்தில் பதில் தாருங்கள்

ஒன்றிய உள்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அதிகாரிபோல் நடித்து, வீடியோ அழைப்பிலேயே 'கைது' செய்துவிட்டதாக மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் கைது' மோசடியைப் பற்றித் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரித்தார். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இவ்வழக்குகளை விசாரிக்கும் பொறுப்பைச் சிபிஐயிடம் அளித்தது. பணம் நாட்டை விட்டுப் போன பிறகு புகார் கொடுத்தவரின் கதி என்ன என்பதே என் கேள்வி.

என் பெரியம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. சிபிஐ அதிகாரி என்று வாட்ஸ்அப்பில் தோன்றியவன், உறங்கும்போதும் கேமராவை அணைக்கக் கூடாதென்று மிரட்டியதால், கைப்பேசியைத் தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்துவைத்து, விளக்கை எரியவிட்டு, இரவு முழுவதும் அவன் கண்முன்னே படுத்திருந்தார். மறுநாள் வைப்புநிதியை உடைத்து, அவன் சொன்ன கணக்குக்கு அனுப்பினார். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்தபோது, மோசடிக்காரர்கள் பிறரிடம் வாடகைக்கு எடுத்த பல வங்கிக் கணக்குகளைக் கடந்து பணம் கிரிப்டோ நாணயமாகிவிட்டிருந்தது. "ஐபி (இணைய முகவரி) கம்போடியாவைக் காட்டுதும்மா, நாங்க என்ன பண்றது?" என்றார் விசாரணை அதிகாரி. அதன்பின் எப்போது போனாலும் அதே வங்கி அறிக்கைக்கு இன்னொரு நகல் கேட்கிறார்களே தவிர, வழக்கு எந்த நிலையில் இருக்கிறதென்று யாரும் சொல்வதில்லை.

இந்தியாவிலுள்ள கணினி சம்பந்தப்பட்டிருந்தால், குற்றம் வெளிநாட்டில் நிகழ்ந்தாலும், செய்தவர் எந்நாட்டவரானாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 செல்லும் என்று அதன் 75-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து சாட்சியம் பெற, விசாரணை அதிகாரி நீதிமன்றத்தில் வேண்டுகோள் கடிதம் பெற்று, அது தங்கள் அமைச்சகம் வழியாக அந்த நாட்டுக்குப் போக வேண்டும். பணம் சில மணி நேரத்தில் கடக்கும் எல்லையைக் காகிதம் கடக்க மாதங்கள் ஆகின்றன.

ஆகவே நான் கேட்பது ஒன்றே: எந்த நாட்டுக்கு, எந்தத் தேதியில் கோரிக்கை அனுப்பப்பட்டது, என்ன பதில் வந்தது என்பதைப் புகார்தாரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அனுப்பவேயில்லை என்றால், அதையும் காரணத்தோடு எழுதுங்கள். சாட்சியங்களையோ சந்தேக நபர்களின் பெயர்களையோ நாங்கள் கேட்கவில்லை; ஆகவே விசாரணை ரகசியம் இதற்குத் தடையாகாது.

சைபர் குற்ற விசாரணையில் நாடுகள் ஒத்துழைப்பதற்கான 2001-இன் புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை; அதை வகுத்தபோது நம்மை அழைக்கவில்லை என்ற மறுப்பில் நியாயமுண்டு. 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற சைபர் குற்ற உடன்படிக்கையோ 40 நாடுகள் உறுதிப்படுத்திய பிறகே நடைமுறைக்கு வரும். பாதிக்கப்பட்ட முதியவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டுமா? ஐடி வேலை என்று நம்பித் தாய்லாந்து போய், மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கூடங்களில் அடைபட்ட தமிழக இளைஞர்களை 2022-இல் இதே அரசு மீட்டு வந்தது. அங்கிருந்து ஆட்களையே அழைத்துவர முடிந்த அரசுக்கு, ஒரு கோரிக்கையின் நிலவரத்தைச் சொல்வது இயலாத காரியமன்று. விழிப்புடன் இருங்கள் என்று மக்களுக்கு ஓயாமல் அறிவுறுத்துகிறீர்கள். ஏமாந்தவர் ஏற்கெனவே தன்னைத்தான் பழித்துக்கொண்டிருக்கிறார், அவருக்கு இப்போது வேண்டியது அறிவுரை அன்று.

கோரிக்கை சென்ற நாடு, தேதி, பதில் ஆகிய மூன்றையும் எழுத்தில் தர எல்லா மாநிலக் காவல்துறைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பி உதவுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு புகார்தாரரின் குடும்பத்தார்