ஃபெஸ் நகரத்துத் தோல் குழிகள்

காசாபிளாங்கா, மொராக்கோ

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் இங்கே நலம். அங்கே உங்கள் நலத்தையும் அம்மாவின் நலத்தையும் அறிய ஆவல். ஃபெஸ் நகரத்துக்குப் போய்வந்தோம் என்று தொலைபேசியில் சொன்னதும், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, அங்கே தோல் எப்படிப் பதனிடுகிறார்கள் என்றுதான் கேட்டீர்கள். பேச்சில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

இங்கிருந்து ஃபெஸ் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். நேரடி ரயில் உண்டு, கட்டணமும் குறைவு. ஆனால் ரயில் நிலையம் இருப்பது பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய புதிய நகரத்தில். அங்கே இறங்கி, டாக்ஸி பிடித்து, பழைய நகரத்து வாசலுக்குப் போய், அதன் பிறகு நடக்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தையையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு இது சரிவராது என்று, ஓட்டுநரோடு ஒரு தனி வண்டி பேசிக்கொண்டோம். சுங்கக் கட்டணம், காத்திருப்பு எல்லாம் சேர்த்து முன்கூட்டியே ஒரே தொகையாகப் பேசி, வாட்ஸ்அப்பில் உறுதி செய்துகொண்டதால் வழியில் பேரம் எதுவும் இல்லை. ரயிலைவிடப் பல மடங்கு செலவுதான். என் வீட்டுக்காரர் முதலில் முகம் சுளித்தார்.

ரபாத்தைத் தாண்டிச் சாலை கிழக்கே திரும்பியதும் தக்கை ஓக் மரக் காடு ஒன்று வருகிறது; அதன் பிறகு மெக்னெஸ் நெருங்க நெருங்க ஒலிவத் தோப்புகளும் திராட்சைத் தோட்டங்களும். மூன்றரை மணி நேரத்தில் போய்விட்டோம். ஓட்டுநர் ஃபெஸ்காரர். தனி வண்டியின் உண்மையான லாபம் எது என்பது அவர் சொன்ன யோசனையில்தான் புரிந்தது. பழைய நகரம் ஒரு சரிவில் இருக்கிறது. மேற்கே, மேட்டில் உள்ள பூ ஜெலூத் வாசலில் எங்களை இறக்கிவிட்டு, கீழே ஆற்றுப் பக்கம் இருக்கும் ரசீஃப் சதுக்கத்தில் மாலையில் வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். வழி முழுக்க இறக்கம்தான். மறுபடி மேடேற வேண்டியதில்லை. அத்தை அவரை வாயார வாழ்த்தினார். அவருக்குத் தமிழ் புரியவில்லை, வாழ்த்து புரிந்தது.

வாசலோடு வண்டிகள் நின்றுவிடுகின்றன. உள்ளே இருப்பவை கழுதை, கோவேறு கழுதை, கைவண்டி, மனிதக் கால்கள். இருவர் ஒதுங்கி நிற்கக்கூட இடமில்லாத சந்தில், பின்னாலிருந்து 'பாலக், பாலக்!' (வழி விடு) என்று குரல் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். எரிவாயு உருளையோ ஈரத் தோல் மூட்டையோ ஏற்றிய விலங்கு நம் தோளை உரசிக்கொண்டு போகும். 789இல் முதலாம் இத்ரிஸ் ஆற்றின் ஒரு கரையிலும், 809இல் அவர் மகன் எதிர்க்கரையிலும் தொடங்கிய ஊர் இது. கோர்டோபாவிலிருந்து துரத்தப்பட்டவர்களும், இன்றைய துனீசியாவில் உள்ள கைரவானிலிருந்து வந்தவர்களும் குடியேறி வளர்த்திருக்கிறார்கள். கைரவான் வணிகர் ஒருவரின் மகளான ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி 859இல் கட்டியதாகச் சொல்லப்படும் கராவியீன் பள்ளிவாசல்தான் பின்னர் பெரிய கல்விக்கூடமாக வளர்ந்தது. முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. திறந்திருந்த கதவு வழியாக முற்றத்தையும் நீரூற்றையும் பார்த்துவிட்டு வந்தோம். 14ஆம் நூற்றாண்டில் கட்டிய பூ இனானியா மதரசாவுக்குள் யாரும் போகலாம்; அம்மா வந்தால் அங்கேயுள்ள மர வேலைப்பாட்டை விட்டு நகரமாட்டார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இங்குள்ள தோல் பதனிடும் இடங்களில் பெரியது ஷுவாரா. சுற்றிலும் தோல் பொருள் கடைகள். அவற்றின் மாடியில் நின்றுதான் பார்க்க வேண்டும். படியேறும்போதே கையில் ஒரு கொத்துப் புதினாவைக் கொடுக்கிறார்கள், மூக்கில் வைத்துக்கொள்ள. அத்தை சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். எனக்குப் புதினா தேவைப்படவில்லை. வாணியம்பாடியில் உங்கள் தோல் பதனிடும் ஷாப்புக்குச் சாப்பாடு கொண்டுவந்தவளுக்கு இந்த வாடை புதிதல்ல.

கீழே கல்லில் அமைத்த வெள்ளைக் குழிகள் ஒருபுறம், சாயக் குழிகள் ஒருபுறம். வெள்ளைக் குழிகளில் சுண்ணாம்பு. மயிர் கழல்வதற்காக ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், ஒட்டகத்தோல் வரை அதில் ஊறுகின்றன. பிறகு புறா எச்சம் கலந்த நீரில் போட்டு, தொடைவரை இறங்கி நின்று காலால் மிதிக்கிறார்கள். எச்சத்திலுள்ள அம்மோனியா தோலை இளக்கும் என்று கடைக்காரர் விளக்கினார். நம் பக்கம் தோல் பதனிடப் பயன்படுவதாக நீங்கள் சொல்லிய ஆவாரம்பட்டை, கடுக்காய் பற்றிக் கேட்டேன். அவருக்கு அவை தெரியவில்லை. சிவப்புக்குப் பாப்பி மலர், நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்குக் குங்குமப்பூ என்று வரிசையாகச் சொன்னார். குங்குமப்பூ விற்கிற விலையில், அந்த மஞ்சள் செருப்பை அவர் கேட்ட தொகைக்குக் கொடுக்க முடியுமா என்பது என் சந்தேகம். சாயம் ஏதோ பொட்டலத்திலிருந்து வந்ததாகவே எனக்குப் படுகிறது.

ஓர் இளைஞன் குழியின் விளிம்பில் நின்று ஒரு தோலைத் தூக்கிப் பிழிந்து, முறுக்கி, மறுபடி உள்ளே விட்டான். கையுறை இல்லை. முழங்கை வரை தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. மாடியிலிருந்து எல்லோரும் அவனைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் எடுக்கவில்லை. உங்கள் நகக்கண்களில் வெடிப்பு ஆறாமல் அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த இரவுகளை, இந்த இடத்தை அழகு என்று சொல்கிற யாருக்கும் விளக்க முடியாது. அருகிலுள்ள ஆற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும்: தோல் கழிவு அதில் கலந்து, அது போய்ச் சேரும் செபூ நதியைக் கெடுத்தது இங்கே பெரிய பிரச்சினை. தோல் கழிவால் கெட்ட நம் பாலாற்றின் கதையை ஓட்டுநரிடம் சொன்னபோது, திரும்பும் வழி முழுக்க எங்களுக்கு அதுவே பேச்சானது.

மார்ச், ஏப்ரலில் வெயிலும் குளிரும் மிதமாக இருக்கும். அப்போது நீங்கள் இருவரும் வாருங்கள். அதே ஓட்டுநரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். இறக்கமே ஆனாலும் கற்படிகள் உண்டு, ஆகையால் அம்மாவுக்கு நல்ல பிடிமானமுள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள். நம் பக்கத்தில் பழைய நாளில் தோலை இளக்க எதைப் பயன்படுத்தினார்கள், புறா எச்சம் உண்டா என்பதை மறக்காமல் எழுதுங்கள், ஓட்டுநரும் கேட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்